செத்துக் கிடந்த உள்ளான் காலில் வளையம், எங்கே தெரிவிப்பது?

அளத்துக்கரை:

வணக்கம். எனக்கு வேதாரண்யம் பக்கத்து ஊர். உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பா நேற்றுக் காலையில் பாத்தி வரப்பில் செத்துக் கிடந்த ஒரு சின்னப் பறவையை எடுத்து வந்தார். மேலே மின்கம்பி போகிறது, இருட்டில் அதில் அடிபட்டு விழுந்திருக்கும் என்கிறார். உடம்பு கெடவில்லை. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, கறுப்புக் கால், நீள அலகு, நுனி லேசாகக் கீழே வளைந்திருக்கிறது. உள்ளான் என்று தெரிகிறது, ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது. மார்கழி, தையில் இங்கே கூட்டங்கூட்டமாக மேயும் உள்ளான்களுக்கு வயிறு வெள்ளையாகத்தானே இருக்கும்?

வலது காலில் ஒரு அலுமினிய வளையம். உப்புத்தண்ணீரில் கிடந்து எழுத்து தேய்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்ஃபார்ம்', 'பாம்பே' என்ற இரண்டு வார்த்தைகள் படிக்க முடிகிறது, ஒரு எழுத்தும் சில எண்களும் இருக்கின்றன, கடைசி இரண்டு எண் பிடிபடவில்லை. டீக்கடையில் ஒருவர் இது உளவு வேலை, போலீஸில் கொடுத்துவிடு என்கிறார். இன்னொருவர் வளையத்தைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள் என்கிறார். சித்தப்பாவுக்கு வேறு பயம், பறவையைத் தானே அடித்துவிட்டதாக வனத்துறை கேஸ் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று.

யாருக்குச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், வளையத்தைக் கழற்றலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே உங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பங்குனி, சித்திரையில் என்ன பார்க்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். எங்கள் கொல்லையில் ஆறுமணிக்குருவி இன்னும் இருக்கிறது, காலையிலும் அந்தியிலும் விடாமல் கத்துகிறது. இவ்வளவு நாள் தங்குமா?

—

கோடியக்காடு:

தம்பி, முதலில் வளையத்தைக் கழற்றாதீர்கள். பறவையை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து இன்னொரு பைக்குள் போட்டு, வீட்டுச் சாப்பாடு இல்லாத ஒரு ஐஸ்பெட்டி கிடைத்தால் அதில் வையுங்கள். சித்தப்பா பயப்பட ஒன்றுமே இல்லை. செத்துக் கிடந்ததை எடுத்துத் தகவல் சொல்பவர் மேல் யாரும் கேஸ் போடப் போவதில்லை, வளையத்தை மறைத்துவைத்தால்தான் வீண் சந்தேகம் வரும். கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறவையை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.

உளவும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையம். அந்த வார்த்தைகளுக்கு இதைக் கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்றுதான் அர்த்தம். 1883இல் தொடங்கிய சங்கம், மும்பையில் ஹார்ன்பில் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதற்கு எழுதினால் போதும். எழுதும்போது கண்டெடுத்த தேதி, இடம் (செல்போனில் இருப்பிடத்தைக் குறித்து அனுப்புங்கள், ஊர்ப் பெயர் மட்டும் போதாது), உயிரோடா செத்தா, செத்தது என்றால் புதிதா பழையதா, மின்கம்பிக்குக் கீழேயா, எந்தக் காலில் வளையம், இவ்வளவும் வேண்டும். பறவை முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், அலகு மட்டும் பக்கவாட்டில் ஒரு படம், வளையத்தைச் சுற்றிச்சுற்றி நாலைந்து படம்.

தேய்ந்த எண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும். இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கத்தில் தாழ்வாக, வளையத்தை உரசுகிற மாதிரி அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எண் எழும்பித் தெரியும். ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யக் கூடாது, கொஞ்சநஞ்சம் இருப்பதும் போய்விடும். அப்படியும் தெரியவில்லை என்றால் தெரிந்த எண்களை மட்டும் எழுதி மற்ற இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள், ஒரு எண் தவறினாலும் வேறு பறவையின் கதையாகிவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளம் வளைமூக்கு உள்ளான். செங்கல் நிறம் சரிதான். சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில் (மரமில்லாத பனிச் சமவெளி), டைமிர் தீபகற்பத்துப் பக்கமெல்லாம் முட்டையிடும் பறவை. இங்கே குளிர்காலத்தில் சாம்பலும் வெள்ளையுமாக இருந்துவிட்டு, திரும்பிப் போகும் முன் பங்குனி, சித்திரையில் இறகு மாற்றும், நெஞ்செல்லாம் செம்மண் நிறம் ஏறும். உங்கள் கையில் இருப்பது பாதி மாறிய பறவை, அதனால்தான் திட்டுத்திட்டு. வயிற்றை ஊதிப் பார்த்தால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும், பயணத்துக்குச் சேர்த்தது. (செத்த பறவையை நீங்கள் ஊத வேண்டாம், வளையம் போடுபவர்கள் உயிருள்ள பறவையில் இப்படித்தான் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.)

நான் வாலிபத்தில் இங்கே வளையமிடும் முகாம்களில் வலை தூக்கப் போனவன். நிலா இல்லாத இரவாகப் பார்த்து அளத்துத் தண்ணீரின் குறுக்கே மெல்லிய கறுப்பு வலையைக் கட்டுவோம், கிட்ட நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பறவை அதன் மடிப்பில் விழுந்து தொங்கும். பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் சமூகத்துப் பறவை பிடிப்பவர்களும் கழகத்தோடு வேலை செய்தார்கள், பரம்பரைத் தொழில்காரர்கள், கண்ணியும் வலையும் அவர்கள் கையில் வேறு மாதிரி பேசும். வலையிலிருந்து எடுக்கும்போது முதலில் கால், அப்புறம் சிறகு, கடைசியில் தலை. எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். துணிப்பையில் போட்டால் இருட்டில் அடங்கிவிடும். அப்புறம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வளையத்தைப் பிளையரில் வைத்துக் காலில் பூட்டி, இரண்டு முனையும் மேலும் கீழும் ஏறாமல் நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு மயிரிழை இடுக்கு இருந்தாலும் மீன்வலை நூலோ புல்லோ சிக்கிக்கொள்ளும். சிறகு நீளம், அலகு நீளம், எடை, சிறகில் எத்தனை இறகு புதிது எத்தனை பழசு, எல்லாம் நோட்டில் ஏறும். ஒரு பறவைக்குச் சில நிமிடம்தான்.

இதெல்லாம் தொடங்கியதற்குக் காரணம் ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் பரவியது. அந்தக் கிருமி ரஷ்யாவில் உண்ணி பரப்பும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்குச் சொந்தமாக இருந்ததால் வலசைப் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவா என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் 1959இல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கினார்கள். காய்ச்சலைப் பறவைகள் கொண்டுவந்ததாக நிரூபணமாகவில்லை, ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்ற பெரிய ஏடு அந்த வேலையில்தான் உருவானது.

—

செங்கால்நாரை:

கேட்டே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது முப்பது கிராம் இருக்கும் உயிரை நடுராத்திரியில் வலையில் மாட்டி, பைக்குள் திணித்து, காலில் உலோகத்தைப் பூட்டுவது சரிதானா? அது பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவை. பென்குயின்களுக்குத் துடுப்பில் பட்டை போட்டதில் என்ன ஆனது என்று நேச்சர் இதழில் 2011இல் வந்ததே. பத்து வருடம் பார்த்ததில் பட்டை போட்ட ராஜ பென்குயின்கள் மற்றவற்றைவிட 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு வளர்த்தன, பிழைத்திருப்பதும் 16 சதவீதம் குறைவு. அதுவரை ஆபத்து இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இப்போது ஜிபிஎஸ் கருவியெல்லாம் வந்துவிட்டது, இன்னும் எதற்கு ஆயிரக்கணக்கில் பிடிக்க வேண்டும்?

—

மலையடிவாரம்:

செங்கால்நாரை அக்கா, கேட்க வேண்டிய கேள்விதான். பென்குயின் ஆய்வு உண்மை, அதைப் படித்த பிறகு துடுப்புப் பட்டையைப் பல இடங்களில் கைவிட்டுத் தோலுக்கடியில் வைக்கும் சில்லுக்கு மாறினார்கள். ஆனால் அங்கே கெடுதல் வந்தது நீந்தும் துடுப்பில் போட்டதால், ஒவ்வொரு அடிப்பிலும் தண்ணீர் இழுத்தது. காலில் தளர்வாகச் சுழலும் வளையம் அப்படி இல்லை, உள்ளானுக்குப் போடுவது ஒரு கிராம் கூட வராது. வலை பற்றியும் வட அமெரிக்காவில் வளையமிடும் குழுக்களின் லட்சக்கணக்கான பதிவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், காயமும் சாவும் தனித்தனியே நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அது பூஜ்யம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பழகாதவர் கையில் வலையைக் கொடுப்பதில்லை, நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பறவையைப் பிடிக்கவே கூடாது. இதைப் படித்துவிட்டு ஊர்ப் பையன்கள் யாராவது ஆர்வத்தில் மயில் காலுக்கும் மைனா காலுக்கும் வளையம் போடக் கிளம்பினால் அது குற்றம்.

ஜிபிஎஸ் பற்றிச் சொன்னீர்கள். கருவி பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கொசு உள்ளான் எடை இருபத்தைந்து கிராம் சொச்சம், அதன் முதுகில் என்ன ஏற்ற முடியும்? பெரிய பறவைக்கு அது அருமையான கருவி, மறுக்கவில்லை. 2022இல் அலாஸ்காவில் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் குஞ்சு ஒன்று நிற்காமல் 11 நாள் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது, 13,560 கிலோமீட்டர். வளையத்தை மட்டும் வைத்து அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆனால் கருவி சில வருடத்தில் ஓய்ந்துவிடும், வளையம் சாகும்வரை இருக்கும். பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவை ஆய்வாளர் லேசான் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றுக்கு வளையம் போட்டார், அப்போதே அது முட்டையிடும் வயது. 2002இல் அதே மனிதர் அதே தீவில் அதே பறவையைப் பிடித்தார். விஸ்டம் என்று பெயர் வைத்த அந்தப் பறவை 2024இலும் முட்டையிட்டது. எழுபது வயதுக்கு மேல் ஒரு கடற்பறவை குஞ்சு பொரிக்கும் என்று அந்த வளையம் இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?

கோடியக்கரைக்கு இதில் இன்னொரு தேவையும் இருக்கிறது. 1980களில் இங்கே வந்த சின்ன உள்ளான்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. சதுப்புக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்தது, அளங்கள் பெருகின. 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, ஆனாலும் குறைகிறது. குறைவது இங்கே உள்ள கோளாறாலா, வழியில் தங்கும் இடங்கள் அழிந்ததாலா, முட்டையிடும் இடத்தில் குஞ்சு பிழைக்காததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பறவைகளின் வயது தெரிய வேண்டும், திரும்பி வருவது எத்தனை என்று தெரிய வேண்டும். தூரத்திலிருந்து எண்ணினால் கூட்டம்தான் தெரியும். தனித்தனிப் பறவையைத் தெரிந்துகொள்ளக் காலில் எண் வேண்டும்.

—

கூந்தன்குளத்தான்:

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளில் கழுத்தில் பட்டை போட்டவை தட்டுப்பட்டிருக்கின்றன, மங்கோலியாவில் போட்டவை. கர்நாடகக் குளங்களிலும் அதே மாதிரி பார்த்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டைக்கு ஒரு வசதி, பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம், கரையில் நின்று பைனாகுலரில் பச்சைப் பட்டையின் வெள்ளை எழுத்தைப் படித்துவிடலாம். வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுக்கிறவரை பொறுமையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. மாசி கடைசியிலேயே கிளம்பிவிடும், இப்போது ஒன்றுகூட இல்லை.

இப்போது எங்கள் ஊரில் இருப்பது மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும். வீட்டு வாசல் வேப்பமரத்திலும் கருவ மரத்திலும் கூடு, குஞ்சு சத்தத்தில் மதியம் தூங்க முடியாது, யாரும் விரட்ட மாட்டார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடும் வழக்கம் இங்கே உண்டு. அந்தக் குஞ்சுகளுக்கு வளையம் போட்டால் எங்கே போகின்றன, அடுத்த வருடம் இங்கேயே வருகின்றனவா என்று தெரியுமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நாரைகள் ரஷ்யாவெல்லாம் போகாது, உள்ளூருக்குள் குளம் குளமாகச் சுற்றும் பறவைகள்தான், ஆனால் எந்தக் குளம் வற்றினால் எந்தக் குளத்துக்குப் போகும் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

சூறைக்குருவிக் கூட்டமும் மெலிந்துவிட்டது. கம்மங்காட்டின் மேல் சாயங்காலம் கரும்புகை மாதிரி சுழன்று அடங்கும், இப்போது கடைசிக் கூட்டங்கள் மட்டும். மத்திய ஆசியாவுக்குப் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு ஆடி, ஆவணியிலேயே திரும்பத் தலைகாட்டும், இங்கே தங்கும் காலம்தான் அதற்கு அதிகம்.

—

மன்னார்க் கரையான்:

வணக்கம், இது மன்னாரிலிருந்து. நீங்கள் கோடியக்கரை என்று எழுதும் அந்தக் கரைக்கு எதிர்ப்பக்கம்தான் நாங்கள் இருக்கிறோம், எங்கள் உள்ளான்களும் உங்கள் உள்ளான்களும் ஒரே பாதையில் போகிறவை என்றுதான் நினைக்கிறேன். வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள் இன்னும் நிற்கின்றன, ஆனால் பின்னேரத்தில் பார்த்தால் கனக்கக் குறைந்துவிட்டது.

கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2021இல் எங்கள் தீவில் கடற்காகங்களைப் பிடித்து முதுகில் கருவி பொருத்தினார்கள். அதில் மேகா என்று பெயர் வைத்தது இந்தியாவின் மேலாகப் போய், ரஷ்யாவின் வட எல்லையில் யமால் தீபகற்பம் வரை போய் மன்னாருக்கே திரும்பி வந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் இங்கே பெடியள் கடற்காகத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முதல் கருவாட்டுக் களத்தில் கல்லெறிந்து கலைக்கிற ஒரு பறவை, அவ்வளவுதான்.

அளத்துக்கரை, உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அவர் குனிந்து எடுத்திருக்காவிட்டால் அந்தப் பறவைக்கு வளையம் போட்ட வேலை முழுதும் வீண். சின்னப் பறவைகளில் வளையம் போட்டது நூறு என்றால் திரும்பத் தகவல் கிடைப்பது ஒன்றுகூட இல்லை என்று சொல்வார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் சாவிக்கொத்தில் போட்டிருந்தால் சைபீரியா என்று எழுத யாருக்கும் ஆதாரம் இருந்திராது.

—

செங்கால்நாரை:

மலையடிவாரம், விளக்கமாக எழுதியதற்கு நன்றி. வயதும் பிழைப்பு விகிதமும் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வலை விஷயத்தில் என் மனம் இன்னும் முழுசாக ஆறவில்லை. குறைந்தபட்சம் வெயில் ஏறிய பிறகும் கிளம்பும் காலத்துக் கடைசி வாரங்களிலும் பிடிப்பதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து, அப்போது பறவைக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு.

ஆறுமணிக்குருவி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. இருக்கும், கவலை வேண்டாம். ஐப்பசி வாக்கில் வருவது சித்திரை கடைசி வரை தங்கும். போகும் முன்தான் அதிகமாகக் கத்தும். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் போய்க் கூடு கட்டும். கொல்லையில் சருகைப் பெருக்காமல் விட்டுவையுங்கள், அது சருகைக் கிளறித்தான் புழு பொறுக்கும். பூனை இருந்தால் அந்தி நேரத்தில் வீட்டுக்குள் அடையுங்கள். ராத்திரி வலசை வந்து களைத்து விழுந்த ஆறுமணிக்குருவியைப் பூனை பிடித்த கதை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன், சங்கடமாக இருக்கிறது.

எங்கள் நாகப்பட்டினம் பக்கம் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிக்கும் காலம் இது. கரையோரம் வீடு இருப்பவர்கள் கடலைப் பார்த்த விளக்கை ராத்திரியில் அணைத்துவையுங்கள், குஞ்சு வெளிச்சத்தை நம்பி ரோட்டுப் பக்கம் வந்துவிடுகிறது.

—

அளத்துக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கோடியக்காடு ஐயா சொன்ன மாதிரி இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தோம், மறைந்திருந்த இரண்டில் ஒரு எண் நன்றாகத் தெரிந்துவிட்டது. இன்னொன்று மூன்றா எட்டா என்று இழுக்கிறது, அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். பறவையை வனச்சரகத்தில் வாங்கிக்கொண்டார்கள், சித்தப்பாவின் பெயரையும் எழுதிக்கொண்டு நல்லபடியாகப் பேசி அனுப்பினார்கள். அவர் இப்போது அளத்தில் எல்லோரிடமும் வளையத்தைப் பார்த்தால் சொல்லு என்கிறார்.

ஒரு சந்தேகம் மிச்சம். அந்தக் கம்பிக்குக் கீழே இன்று போய்ப் பார்த்தபோது பழைய இறகுகளும் ஒரு பூநாரையின் காலெலும்பும் கிடந்தன. இது ஒரு பறவையோடு நிற்கிற விஷயமாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

—

கோடியக்காடு:

அதை விடாதீர்கள் தம்பி. எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை என்று குறித்து, கீழே கிடப்பதை இருந்த இடத்திலேயே தேதியோடு படம் எடுங்கள், காலெலும்பில் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பூநாரைக்கும் வளையம் உண்டு, ஈரானின் ஊர்மியா ஏரியில் வளையம் போட்டவை இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. வாரம் ஒரு தடவை காலையில் நாய், நரி எடுப்பதற்கு முன்னால் அந்த வரப்போடு நடந்து வந்தால் போதும். ஒன்றும் கிடக்கவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள்.

படங்கள் சேர்ந்ததும் வனச்சரகருக்கும் மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் சேர்த்து ஒரே மனு. கம்பியில் பறவைக்குத் தெரிகிற மாதிரி சுழலும் தகடு மாட்டும் ஏற்பாடு இருக்கிறது, குஜராத், ராஜஸ்தான் பக்கம் கானமயிலுக்காக மாட்டியிருக்கிறார்கள். இங்கே எந்த இடத்துக்கு வேண்டும் என்று நாம்தான் காட்ட வேண்டும். அளத்து முதலாளியிடமும் கையெழுத்து வாங்கப் பாருங்கள், கம்பி அவர் நிலத்தின் மேல் போகிறதென்றால் அவர் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு இருக்கும். மனுவின் நகலை எனக்கு அனுப்புங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் நானும் பேசுகிறேன். மும்பையிலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், வந்ததும் எந்த வருடம் எங்கே வளையம் போட்டது என்று இங்கேயே போடுங்கள்.